இடித்த வீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு: ரமணாசிரமப் பகுதியில் பழைய தெருக்களைக் கண்டறிவது எப்படி?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தின் வாயிலில் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர், அதன் பிறகு எங்கெங்கே தங்கினார்? யாரும் தயங்காமல் விடை சொல்வார்கள். பெரிய கோயிலுக்குள் பாதாள லிங்கம், கீழ்நாத்தூரில் குருமூர்த்தம், பிறகு பவளக்குன்று, விரூபாட்சி குகை, ஸ்கந்தாசிரமம் என ஒவ்வோர் இடமும் காக்கப்பட்டிருக்கிறது. 1922 மே 19 அன்று மறைந்த அவருடைய தாயாரை மலையின் தென் அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தை ஒட்டி அடக்கம் செய்தார்கள். அந்த இடமே ஆசிரமமாக வளர்ந்தது. அங்கே வந்து தங்கிய அன்பர்களின் குடில்கள்கூட எவை எவை என்று நூல்களில் குறிக்கப்பட்டுள்ளன.

இப்போது அதே வாயிலில் நின்று இன்னொரு கேள்வியைக் கேளுங்கள். தாயாரின் சமாதிமேல் 1939இல் தொடங்கி 1949இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கற்கோயிலுக்குப் பத்தாண்டுகள் மண் சுமந்தவர்கள், கல் இழுத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள்? இந்தச் சாலையோர நிலங்களில் கூலிக்கு உழுதவர்களின் வீடுகள் எந்தப் பக்கம் இருந்தன? அவற்றில் எத்தனை இன்று விடுதிகளுக்கும் மதிற்சுவர்களுக்கும் அடியில் கிடக்கின்றன? இதற்கு விடை சொல்லும் பலகை எதுவும் இல்லை. ஒரே மலையடிவாரத்தில் ஒரு வகை வீடு நினைவிடமாகிறது. இன்னொரு வகை வீடு தடயமின்றிப் போகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக நேர்ந்ததன்று.

இடிக்கப்பட்ட வீடுகளையும் பெயர் மாறிய தெருக்களையும் எவ்வாறு அடையாளம் காண்பது, அந்த அடையாளம் எதற்குப் பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ரமணாசிரமப் பகுதி நமக்கு எடுத்துக்காட்டு. வேகமாக மாறிவரும் எந்தக் கோயில் நகரத்துக்கும் இம்முறை பொருந்தும்.

வீட்டுமனை என்னும் பழைய வழக்கு

பழைய வீட்டைத் தேடுவது வெறும் ஊர்ப் பற்றாகச் சிலருக்குத் தோன்றலாம். தலித் மக்களுக்கு அது எப்போதும் உரிமை வழக்காகவே இருந்துள்ளது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையில் விளைநிலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. குடியிருக்கும் மனைகூட அவர்களுக்கு உறுதியில்லை என்பதையும், மனையைவிட்டு விரட்டிவிடுவோம் என்ற மிரட்டலே அவர்களைப் பண்ணையடிமைகளாகக் கட்டிவைத்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. அந்நிலத்தைப் பிற சாதியினருக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. நிபந்தனை ஏட்டில் இருக்க, நிலம் கைமாறிய கதையை நாம் அறிவோம். அதை மீட்கக் கோரி 1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

பஞ்சமி நிலப் போராட்டங்கள் நமக்கு ஒரு பாடத்தைத் தந்துள்ளன. நிலம் நம்முடையது என்று சொல்வது மட்டும் போதாது. எந்த நிலம், எந்த எண், எந்த எல்லைக்குள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடிந்த ஊர்களில் வழக்கு நிற்கிறது. சொல்ல முடியாத ஊர்களில் கண்ணீர் மட்டும் மிஞ்சுகிறது. விளைநிலத்துக்கு உண்மையான இது, வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வயலுக்கு வரப்பாவது எஞ்சியிருக்கும். இடித்த மண்வீட்டுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

பகுதி மாறிய விதம்

ஆசிரமம் தொடங்கிய காலத்தில் அந்த இடம் ஊரைவிட்டு ஒதுங்கியிருந்தது. 1924 ஜூன் மாதத்தில் திருடர்கள் நள்ளிரவில் புகுந்து ரமணரையே அடித்துவிட்டுப் போகும் அளவுக்கு அது தனித்திருந்தது. 1934இல் பால் பிரண்டனின் நூல் வெளியான பின் வெளிநாட்டினர் வரத் தொடங்கினர். அன்பர்கள் எதிர்ப்புறத்தில் மனை வாங்கிக் குடியேற, ரமண நகர் உருவாயிற்று. சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமமும், பின்னாளில் அக்ரகாரக் கொல்லையில் யோகி ராம்சுரத்குமார் ஆசிரமமும் சேர்ந்து, இச்சாலை ஆன்மிகத் தெருவாகவே மாறியது. கடந்த நாற்பதாண்டுகளில் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் கூட்டம் பன்மடங்கு பெருகியது. கூட்டம் பெருகியதும் மனையின் விலை ஏறியது.

விலை ஏறும்போது முதலில் அசைவது ஆவணமில்லாத வீடு. அது மறையும் வழிகள் பல. தாத்தாவின் பெயரிலேயே பட்டா கிடக்க, பேரன் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டுச் சிறு தொகைக்கு விட்டுக்கொடுப்பான். சுற்றியுள்ள மனைகளை ஒருவரே வாங்கி மதில் எழுப்ப, நடுவில் இருக்கும் வீட்டுக்கு வழியில்லாமற்போகும். மனைப்பிரிவு போடும்போது பழைய பாதை புதிய வரைபடத்தில் இடம்பெறாது. சாலை விரிவாக்கத்தின்போது ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தலைமுறைக் குடியிருப்பு அடங்கிவிடும். இவற்றுள் எதற்கும் புல்டோசர்கூடத் தேவைப்படுவதில்லை.

2024இல் திருவண்ணாமலை நகராட்சி, சுற்றியிருந்த பல ஊராட்சிகளை இணைத்துக்கொண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இதன் நடைமுறைப் பொருள் ஒன்றுண்டு. ஊராட்சி அலுவலகங்களில் இருந்த வீட்டு வரிப் பதிவேடுகள் இடம் மாறும். வார்டு எல்லைகள் மாறும். கதவெண்கள் மாறும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பை இப்போதே எழுதி வைக்காவிட்டால், பத்தாண்டு கழித்து அதை யாராலும் மீட்க முடியாது.

ஒரு தெருவுக்கு மூன்று பெயர்

தேடத் தொடங்குபவர் முதலில் தெளிய வேண்டியது பெயர்க் குழப்பம். பொதுவாக ஒரு தெருவுக்கு மூன்று பெயர்கள் இருக்கும். மக்கள் வாயில் வழங்குவது ஒன்று. வருவாய்ப் பதிவேட்டில் உள்ளது மற்றொன்று. மூலையில் நட்ட பலகையில் உள்ளது மூன்றாவது.

கோயிலைச் சுற்றியுள்ள திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, தேரடித் தெரு போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. தேரோடும் தெருக்களுக்கு மூன்று பெயரும் ஒன்றே. சேரித் தெருக்களுக்கு அப்படியில்லை. மக்கள் தம் வழக்கில் கோயிலையோ மரத்தையோ மூத்தவர் ஒருவரையோ வைத்து அழைத்திருப்பார்கள். பதிவேடோ சாதியை வைத்து எழுதியிருக்கும். பலகையில் தலைவர் பெயரோ நகர் என்ற ஒட்டோ வந்திருக்கும். எனவே பலகைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால், அப்படியொரு தெருவே இல்லை என்ற விடை வரும். அந்த விடை பொய்யன்று. கேள்விதான் தவறான பெயரில் கேட்கப்பட்டது.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் மூன்று நிரல்கள் இட்டு மூன்று பெயர்களையும் எழுதுவது. எந்தப் பெயர் எந்த ஆண்டளவில் வழங்கியது என்பதையும் சேர்த்துக் குறித்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த அலுவலகத்தில் எந்த ஏடு

இரண்டாவது குழப்பம் மாவட்டம் பற்றியது. திருவண்ணாமலை வட்டம் 1911க்கு முன்பு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதனால்தான் 1906இல் வெளியான தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரில் இவ்வூரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. 1911இல் வட ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1989 செப்டம்பர் 30 முதல் தனி மாவட்டம். ஆகவே சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடும் மாணவர், ஆண்டைப் பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1900ஆம் ஆண்டின் கோப்பை வட ஆற்காட்டில் தேடினால் கிடைக்காது.

வருவாய்த் துறையில் தேட வேண்டியவை வரிசையாக உள்ளன. பழைய நிலவரித்திட்டப் பதிவேடு, மறு நில அளவைப் பதிவேடு, 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் ‘அ’ பதிவேடு, நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு. ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண்ணும் புதிய புல எண்ணும் அருகருகே இருக்கும். நகர அளவையில் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று முறையே மாறிவிடும். இவற்றை இணைக்கும் ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்டு வாங்குவது மிக முக்கியம். அது இல்லாமல் பழைய எண் பூட்டுக்குப் பொருந்தாத சாவி போலத்தான்.

பழைய பதிவேடுகளில் ஊர் நத்தம், சேரி நத்தம் என்ற வேறுபாடு எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் சாதிப் பெயரோடு சேர்த்தே எழுதியிருப்பார்கள். நம்மை ஒதுக்கிவைக்க எழுதிய அந்தச் சொல்லே, அங்கே நம் மக்கள் குடியிருந்தார்கள் என்பதற்கு இன்று அரசின் கையெழுத்தோடு கூடிய சான்றாகிறது. நத்தம் அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு அன்று, அதில் குடியிருப்பவரை 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வெளியேற்ற முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. எனவே ஓர் இடம் பழைய ஏட்டில் நத்தமாக இருந்ததா, புறம்போக்காக இருந்ததா என்பது வெறும் வரலாற்று ஐயமன்று. வீடு நிற்குமா விழுமா என்பதே அதில் அடங்கியுள்ளது. நத்தம் நிலவரித் திட்டத்தின்போது வழங்கிய தோராயப் பட்டா யாரிடமாவது பெட்டிக்குள் இருந்தால் அதையும் படியெடுக்க வேண்டும்.

அடுத்தது பத்திரப் பதிவு அலுவலகம். இங்கே பெயரை வைத்துத் தேட ஓர் அட்டவணையும், சொத்தை வைத்துத் தேட ஓர் அட்டவணையும் உண்டு. அண்மைக் காலத்து வில்லங்க விவரம் இணையத்தில் கிடைக்கும். மிகப் பழையவற்றுக்கு மனு எழுதிக் கைப்புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். நம் மக்களின் வீடுகளுக்குப் பெரும்பாலும் பத்திரமே இராது. ஆயினும் பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் நம் தெரு இருக்கும். பழைய எழுத்தர்கள் செக்குபந்தி என்று குறித்த நான்கெல்லைப் பகுதியில், சேரிக்குப் போகும் பாதை, சேரிக் கிணறு, இன்னாருடைய குடிசை என்ற வகையில் எல்லை சொல்லப்பட்டிருக்கலாம். சொந்தமாக ஒரு வரிகூட எழுதப்படாத வீடு, அடுத்தவரின் எல்லையாக எழுதப்பட்டிருக்கும்.

நான்கெல்லையைப் படிப்பதில் மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. ‘பாதைக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், பாதையின் மேற்குப் பக்கத்தில் சொத்து இருக்கிறது என்று பொருள். அதாவது பாதை, சொத்துக்குக் கிழக்கே உள்ளது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் முழுத் தெருவும் சாலையின் மறுபக்கம் போய்விடும். ஒரு பத்திரத்தை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த நான்கைந்து மனைகளின் பத்திரங்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றின் எல்லை மற்றொன்றில் பொருந்தும். பொருந்தாத இடத்தில்தான் காணாமற்போன பாதையோ வீடோ ஒளிந்திருக்கும்.

ஆதிதிராவிடர் நலத் துறையின் கோப்புகளை மறக்கக் கூடாது. 1920கள் முதல் தாழ்த்தப்பட்டோருக்கு மனை எடுத்துக்கொடுக்கும் வேலையைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகமே செய்துவந்தது. 1949இல் அரிசன நலத் துறை தனியாக அமைந்தது. 1978இல் மனைக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. எனவே பழைய ஒப்படைப்பு ‘லேபர்’ என்ற பெயரிலும், நிபந்தனை நிலம் ‘டி.சி.’ என்ற சுருக்கத்திலும் குறிக்கப்பட்டிருக்கலாம். நலத்துறைத் தனி வட்டாட்சியரின் பயனாளிகள் பட்டியலில் பெயர், தந்தை பெயர், மனை எண் ஆகியவை இருக்கும். மனைப்பிரிவு வரைபடமும் கோப்பில் இணைந்திருக்கும்.

இவை தவிர, உள்ளாட்சியின் வரிவிதிப்புப் பதிவேடு, குடிசை மின் இணைப்பின் பழைய அட்டை, குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் முகவரி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டை ஓர் ஆண்டோடு கட்டிவைக்கின்றன. வாக்காளர் பட்டியல் தெரு வாரியாகவும் கதவெண் வாரியாகவும் அமைவதால் கூடுதல் பயனுடையது. 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2000களின் தொடக்க ஆண்டுப் பட்டியல்கள் இணையத்தில் வைக்கப்பட்டன. அவற்றைப் பாகம் பாகமாக இறக்கிவைத்தால், கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு தெருவில் யார் யார் வீடுகள் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் பெருமளவு மீட்கலாம்.

ஏடு இல்லாத இடத்தில் நினைவு

ஆவணம் எங்கே முடிகிறதோ அங்கே மனிதர்கள் தொடங்குகிறார்கள். நினைவைச் சேகரிப்பதற்கும் ஒழுங்குமுறை உண்டு. ஒரே தெருவைப் பற்றி மூத்தவர்கள் இருவரிடம் தனித்தனியே கேட்க வேண்டும். இருவரையும் தனித்தனியே நடக்கவைத்து, நடக்கும் வரிசையிலேயே வீடுகளைச் சொல்லச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து சொல்லும்போது பெயர்கள் வரும். நடக்கும்போதுதான் வரிசை வரும். இருவர் சொன்னதும் ஒத்துப்போனால் உறுதி என்றும், மாறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதியும் வைக்க வேண்டும். நாமே திருத்தக் கூடாது.

பெண்களிடம் கேட்பது கட்டாயம். ஆண்கள் பெரும்பாலும் நிலத்தையும் சண்டையையும் வைத்து ஊரை நினைவுகொள்வார்கள். பெண்களின் நினைவு தண்ணீரை வைத்து இயங்கும். எந்தக் கிணற்றில் நமக்கு அனுமதி இல்லை, எந்தக் குழாய்க்கு எந்தச் சந்து வழியாகப் போனோம், யார் வீட்டு வாசலில் குடத்தை இறக்கி இளைப்பாறினோம் என்று அவர்கள் சொல்வதில் ஒரு தெருவின் வரைபடமே அடங்கியிருக்கும். திருமணமாகி வெளியூர் போன மகள்களைத் தேடிக் கேட்பதும் பயன் தரும். தெருவைவிட்டு இளமையில் போனவர்களின் மனத்தில் அது அன்றிருந்தபடியே நிற்கும்.

வீடுகள் போனாலும் எளிதில் போகாதவை சில உண்டு. மாரியம்மன் கோயில், அரசமரமோ வேப்பமரமோ நின்ற மேடை, தூர்ந்த கிணற்றின் உறை, சுடுகாட்டுப் பாதை ஆகியவை அத்தகையவை. இவற்றுள் சுடுகாட்டுப் பாதை மிக முக்கியமானது. சேரியின் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்று ஊர் விதித்திருந்ததோ, அந்த விதியே ஒரு தனிப் பாதையை உண்டாக்கியிருக்கும். அந்தப் பாதையைப் பின்னோக்கி நடந்தால் அது தொடங்கிய குடியிருப்புக்குப் போய்ச் சேரலாம்.

திருவண்ணாமலைக்கென்றே ஒரு வாய்ப்பும் உண்டு. அது மலை. கிரிவலப் பாதையில் சில நூறு அடி நகர்ந்தாலும் மலையின் விளிம்புக்கோடு மாறுவதை நடந்தவர்கள் அறிவார்கள். பழைய திருமணப் புகைப்படத்திலோ, வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படத்திலோ பின்னணியில் மலை தெரிந்தால், அதே விளிம்புக்கோடு அதே முறையில் தெரியும் இடத்தைத் தேடி இன்று நின்று பார்க்கலாம். மலையின் ஒரு முகடும் அதற்கு முன்னால் நிற்கும் மாறாத கட்டடம் ஒன்றின் உச்சியும் ஒரே நேர்கோட்டில் வந்தால் இடம் ஏறக்குறைய உறுதியாகும். வீடு இடிந்திருக்கலாம், மலையை யாரும் இடிக்கவில்லை. அண்மைக் காலத்துக்குக் கூகுள் எர்த் செயலியில் உள்ள பழைய செயற்கைக்கோள் படங்கள் உதவும். கூரை எந்த ஆண்டுப் படத்தில் இருக்கிறது, எந்த ஆண்டுப் படத்தில் இல்லை என்பதைக் கொண்டு இடிப்பின் காலத்தைக் குறுக்கிவிடலாம்.

கேப் டவுன் காட்டிய வழி

இது வேலைக்காகுமா என்று ஐயுறுபவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு வெள்ளையர் பகுதியாக அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் தரைமட்டமாயின. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபின் பழைய தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வந்த மக்கள் குனிந்து தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் ஒருவர் கழற்றி வைத்திருந்த தெருப் பலகைகளும் அங்கே வந்து சேர்ந்தன.

அது அஞ்சலியோடு முடியவில்லை. அதே ஆண்டு வந்த நில மீட்புச் சட்டம், பறிப்பு நடந்த சூழல் குறித்துச் செவிவழிச் சான்றையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்றது. ஆவணத்தை அழித்தவர்களிடமே போய் ஆவணம் கேட்பது நீதியாகாது என்ற புரிதல் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் பஞ்சமி நில மீட்புக்கும் மனை உரிமைக்கும் இத்தகைய சட்டப்பிரிவு வேண்டும் என்று கோருவதற்கு நமக்கு இது வலுவான எடுத்துக்காட்டு.

அடையாளம் கண்டபின்

திரட்டிய சான்று எங்கே பயன்படும்? நிலம் எடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நகர்ப்புறத்தில் நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய மூன்றாண்டுகளாக அந்நிலத்தில் குடியிருந்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே. பட்டா இல்லை என்பதாலேயே மறுவாழ்வு மறுக்கப்படக் கூடாது. ஆனால் குடியிருந்ததை நிறுவ வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஊ), (எ) என்ற இடங்களில் வரும், ஆங்கில மூலத்தில் எஃப், ஜி என்று குறிக்கப்படும் பிரிவுகள், பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதையும், நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ அவர்களை முறைகேடாக வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு தர வேண்டும், இடிப்பை ஒளிப்பதிவு செய்ய வேண்டும். எனினும் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. எனவே நம் வீடு நின்ற இடம் முதலில் நத்தமாக இருந்து, பின்னர் ஏட்டில் பாதையாகவோ புறம்போக்காகவோ மாற்றப்பட்டதா என்ற கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 30 நாளில் விடை பெறக்கூடிய முதல் கேள்வி அதுவே.

தாமதத்தின் விலை என்ன என்பதை 2024 டிசம்பர் 1 காட்டியது. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையடிவார வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. சிறுவர் சிறுமியர் உட்பட ஏழு பேர் மாண்டனர். மலைச்சரிவில் ஏழைகள் ஏன் வீடு கட்டினார்கள் என்ற கேள்வி அதன்பின் பலரால் கேட்கப்பட்டது. சமதளத்தில் அவர்களுக்கு ஏன் இடம் இல்லாமற்போனது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அடிவாரத்தின் சமநிலத்தில் யார் யார் இருந்தார்கள், அவர்கள் எப்போது, எப்படி நகர்ந்தார்கள் என்பது பதிவாகியிருந்தால் மட்டுமே இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

பெயரை நீக்குவோம், தடயத்தை அன்று

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. முகவரியைச் சொன்ன மாத்திரத்தில் சாதி தெரிந்துவிடும் இழிவை அனுபவித்தவர்கள் இதை வரவேற்பார்கள். வரவேற்கவும் வேண்டும்.

அதே வேளையில் ஒன்றை வலியுறுத்த வேண்டியுள்ளது. பழைய பெயரில்தான் பட்டா இருக்கிறது, ஒப்படைப்பு ஆணை இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. பெயர் மாறிய நாளில் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உள்ள தொடர்பு எங்கும் பதிவாகாவிட்டால், இன்னொரு தலைமுறை தன் தாத்தாவின் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியொரு இடமே இல்லை என்ற விடையைக் கேட்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் பழைய பெயர், புதிய பெயர், புல எண், தீர்மான எண், நாள் ஆகியவை அடங்கிய ஒப்பீட்டுப் பட்டியலை உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும். அதை வருவாய், பதிவுத் துறை ஆவணங்களோடும் இணைக்க வேண்டும். பலகையிலிருந்து இழிவு போகட்டும், ஏட்டிலிருந்து உரிமை போகக் கூடாது.

சில எச்சரிக்கைகள்

இப்பணியில் இறங்கும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில உள்ளன. எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை, எந்தக் குடும்பத்தில் வாரிசுச் சிக்கல் உள்ளது என்ற விவரம் மனைத் தரகர் கையில் கிடைத்தால் அதுவே ஆயுதமாகிவிடும். எனவே பெயரும் எண்ணும் அடங்கிய முழு வரைபடத்தை இணையத்தில் ஏற்றக் கூடாது. பொதுவெளிக்குத் தெருக்களும் பொது இடங்களும் மட்டும் போதும். வீட்டு விவரம் அந்தந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு மட்டுமே பகிரப்பட வேண்டும். மூல ஆவணத்தை நாம் வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது. படமெடுத்துக்கொண்டு, ஒரு தெளிவான படியை அக்குடும்பத்திடமே தர வேண்டும். பங்காளிகளுக்குள் உள்ள எல்லைத் தகராறில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

முதல் வேலையைப் பெரிதாகத் திட்டமிடவும் வேண்டாம். ஒரு தெரு, மூத்தவர்கள் இருவர், ஒரு ‘அ’ பதிவேட்டு நகல், ஒரு புலப்படம், ஒரு பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவை இருந்தால் போதும். ரமணர் தங்கிய குகைகளை ஒரு நூற்றாண்டாக மக்கள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், அவற்றை யாரோ உடனுக்குடன் எழுதிவைத்ததுதான். நம் தெருக்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.